பதினோராயிரம் லேத்துகள் நின்ற வெள்ளிக்கிழமை

தை மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கோயம்புத்தூரில் இரும்பைக் கடைகிற பதினோராயிரம் லேத்துகள் ஒரே சமயத்தில் நின்றன. மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் மறுபடி ஓடத் தொடங்கின.

இந்த இருபத்தொரு மணி நேர அமைதியைக் கேட்டு ஊரில் யாரும் பதறவில்லை. பதறியது முன்னறி. பதறினால் அது என்னைத்தான் எழுப்பும்.

முன்னறியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாண்டுப் போர் முடிந்தபோது, மிச்சமிருந்த நாடுகள் நைரோபியில் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. படைகளைக் கண்காணித்து இதுவரை எந்தப் போரும் நின்றதில்லை, இனிமேல் பட்டறைகளைக் கண்காணிப்போம் என்பது அதன் சாரம். உலகத்தின் ஒவ்வொரு தொழில் நகரத்திலும் மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒரு செவியைப் பொருத்தினார்கள். உளி இரும்பை வெட்டும்போது ஒரு சத்தம் வருகிறது அல்லவா, அந்தச் சத்தத்தைக் கேட்டே, வெட்டப்படும் பொருளின் வடிவத்தை முன்னறி என்கிற கணினி கணித்துவிடும். கணித்ததை இருநூற்றைம்பது வருடத் தொழில் வரலாற்றோடு ஒப்பிட்டு, இந்த ஊர் போருக்குத் தயாராகிறதா என்று ஒரு சதவீதம் சொல்லும். கோயம்புத்தூர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஒட்டுக்காது.

சதவீதம் எண்பதைத் தாண்டினால் ஒரு விசாரணை அதிகாரியை அனுப்புவார்கள். அவருக்கு நாற்பத்தெட்டு மணி நேரம். அதற்குள் முன்னறியின் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அவர் பதில் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் ஊர் பூட்டப்படும். பூட்டு என்றால் சாவி போட்ட பூட்டு இல்லை. ஒப்பந்தத்துக்குப் பிறகு செய்த எல்லா மோட்டாரின் வயிற்றிலும் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. நைரோபியில் ஒருவர் பொத்தானை அழுத்தினால் நாற்பது கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் அத்தனை மோட்டாரும் ஏழு வருடத்துக்கு ஓடாது.

கோயம்புத்தூர் அந்தச் சனிக்கிழமை தொண்ணூற்று மூன்று சதவீதத்தில் நின்றது. அனுப்பப்பட்ட அதிகாரி நான். பெயர் செண்பகவல்லி, சொந்த ஊர் கோவில்பட்டி, படித்தது வரலாறு.

இதற்கு முன் ஓர் ஊரைப் பூட்டியிருக்கிறேன். வடக்கே, நதிக்கரையில், சைக்கிள் செய்கிற ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன், எனக்கே சொல்லப் பிடிக்காது. எங்கள் விதிகளில் முதலாவது, செவி கேட்டதை விசாரிக்கப்படுபவர்களிடம் காட்டக் கூடாது என்பது. காட்டினால் அதற்கேற்ற கதையைத் தயார் செய்துவிடுவார்களாம். நான் காட்டவில்லை. கிழவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன கேட்டீர்கள் என்றாவது சொல்லுங்கள், நாங்களே தேடித் தருகிறோம் என்று கெஞ்சினார். விதி விதிதான் என்று வந்துவிட்டேன். பூட்டிய பிறகு சோதித்ததில் முந்நூறு பட்டறைகளில் இரண்டில் குண்டு வார்க்கிற அச்சு கிடைத்தது. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றெட்டும் சைக்கிள்தான் செய்துகொண்டிருந்தன. ஒன்றரை வருடத்தில் ஊர் காலியானது. நான் ஒரு போரை நிறுத்தினேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நடக்காத போருக்குச் சாட்சி கிடையாது.

அந்தப் பாரத்தோடுதான் சனிக்கிழமை மத்தியானம் கோயம்புத்தூரில் இறங்கினேன். கெடு திங்கள் காலை ஒன்பது மணி.

முன்னறி மூன்று கேள்விகள் அனுப்பியிருந்தது. எல்லா இயந்திரங்களும் ஏன் ஒன்றாக நின்றன? மறுபடி ஓடியபோது எல்லாவற்றின் சத்தமும் ஏன் மாறியிருந்தது? அதாவது பிடிப்புகளைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, திரும்ப மாட்டியிருக்கிறார்கள். பழைய வேலையை விட்டுப் புதிய வேலைக்கு மாறும் தொழிற்சாலையின் சத்தம் அதுதான். சரித்திரத்தில் பல ஊர்கள் போருக்கு முன்னால் அப்படி ஒரு நாள் மௌனமாக இருந்திருக்கின்றன. மூன்றாவது கேள்வி எனக்கு மட்டும். அதை அப்புறம் சொல்கிறேன்.

கணபதியில் பட்டறைச் சங்கத்தின் கட்டடத்துக்கு எதிரே எனக்கு அறை போட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் இருபத்தெட்டுப் பட்டறைகளுக்குப் போனேன். இருபத்தெட்டிலும் ஒரே பதில்.

"கரண்டு இல்லீங்க மேடம். காத்தால ஒம்பதுக்குப் போச்சுங்க, அடுத்த நாள் ஆறுக்குத்தான் வந்துச்சுங்க."

ஒருவர்கூட ஒன்பதே கால் என்று சொல்லவில்லை. மின்வாரியத்தின் பதிவேட்டில் அன்று ஒரு நிமிடம்கூட மின்தடை இல்லை. எல்லோரும் ஒரே பொய்யை ஒரே வார்த்தைகளில் சொன்னால் சரித்திரத்தில் அதற்குப் பெயர் சதி. ஆனால் இவ்வளவு மோசமாகப் பொய் சொல்லத் தெரிந்தவர்கள் சதி செய்வார்களா என்றும் தோன்றியது.

சங்கத்துச் செயலாளர் தேவசகாயம் என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். ஒல்லியான மனிதர், கேள்வி கேட்டால் சட்டைப் பொத்தானைத் திருகுவார். கடைசியாகத் தலைவர் நாச்சிமுத்துவின் பட்டறைக்குக் கூட்டிப்போகும்போது, "எங்க தலைவரு ஒரு எம்டனுங்க, பாத்துப் பேசுங்க" என்றார். முதல் உலகப் போரில் ஒரு ஜெர்மன் கப்பல் வந்து சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனது. கப்பலும் போச்சு, அந்தச் சாம்ராஜ்யமும் போச்சு. கெட்டிக்காரனைத் திட்டவும் மெச்சவும் நமக்கு ஒரு சொல் மட்டும் மிச்சம். போர்கள் இப்படியும் எதையாவது விட்டுவிட்டுப் போகும்.

நாச்சிமுத்துவுக்கு அறுபத்திரண்டு வயது. பம்புக்குத் தேவையான பாகங்கள் செய்கிற பட்டறை, பதினாலு பேர் வேலை. வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல், லேத்துகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கரண்டு இல்லீங்க என்று அவரும் ஆரம்பித்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"பம்புக்கு அச்சுத் தண்டு செய்யறமுங்க. போருக்கும் எங்களுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார்.

"டைப்ரைட்டர் செஞ்சவங்ககிட்ட இதையேதான் கேட்டிருப்பாங்க. அவங்க துப்பாக்கி செஞ்சாங்க. பியானோ செஞ்சவங்க விமானத்துக்கு இறக்கை செஞ்சாங்க. கடிகாரம் செஞ்சவங்க, குண்டு எந்த நொடியில வெடிக்கணும்னு முடிவு பண்ற பொறியைச் செஞ்சாங்க. வயலுக்கு உரம் தந்த அதே கெமிஸ்ட்ரிதான் வெடிமருந்தும் தந்துச்சு. மந்திரிங்க கையெழுத்துப் போட்டாப் போர் அறிவிப்பு வரும். ஆனா போர் வர்றது பட்டறையிலிருந்து."

அவர் பக்கத்து லேத்தின் பக்கம் திரும்பினார்.

"அவங்களையெல்லாம் யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"யாரை?"

"லேத்துல நின்னவனைங்க."

இல்லை. யாரும் கேட்டதாக நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போனதும் அந்த நொடியில்தான், அது என் வேலைக்கு நல்லதில்லை.

பேச்சை மாற்றுவதற்காக, எழுதுவதற்கு ஒரு பேனா கேட்டேன். பக்கத்து மேசையின் இழுப்பறையை அவரே திறந்தார். திறந்தவர் சட்டென்று மூடினார். மூடிய வேகத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் தெறித்துத் தரையில் விழுந்தன. குனிந்து எடுத்தேன். பொரி. பொரியோடு ஒரு பொட்டுக்கடலை.

மெல்ல எழுந்து பக்கத்திலிருந்த லேத்தின் பக்கம் போனேன். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற தாடைகளின் இடுக்கில் நகத்தை விட்டுச் சுரண்டினேன். சந்தனம். வெளியே தெருமுனைக்குப் போய்ப் பார்த்தேன். சாக்கடை ஓரத்தில், குங்குமம் காய்ந்த பூசணித் துண்டுகள். இருபத்தெட்டுப் பட்டறைக்கு நடந்திருக்கிறேன், இருபத்தெட்டுத் தெருமுனையிலும் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன். தை மாதத்தில் யார் ஆயுத பூஜை செய்வார்கள் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

உள்ளே திரும்பி வந்தபோது தேவசகாயத்தின் சட்டையில் மேல் பொத்தான் இல்லை.

"எப்போ செய்யணும் இதை?" என்றேன்.

"பொரட்டாசியிலங்க" என்றார் நாச்சிமுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு.

அதற்குப் பிறகு எல்லாமே கொட்டியது. ஆயுத பூஜை, விஜயதசமி இரண்டு நாளும் பட்டறைகள் நிற்கும் என்பது முன்னறியின் நாட்காட்டியில் இருக்கிறது. ஆனால் போன வருடம் எங்கள் தலைமையகம் செவிகளைச் சரிபார்க்க மூன்று நாள் எல்லா இயந்திரங்களும் இடைவிடாமல் ஓட வேண்டும் என்று கேட்டது. நைரோபியில் உட்கார்ந்து நாள் குறித்த புண்ணியவானுக்கு நம் பஞ்சாங்கம் தெரியாது. சங்கம் கூடிப் பேசியது. ஒப்பந்தத்துக்கு எதிரானவர்கள் என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயந்து, தலைவர் என்ற முறையில் நாச்சிமுத்து சம்மதக் கையெழுத்துப் போட்டார். ஆயுத பூஜை அன்று இயந்திரங்கள் ஓடின. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, அவருடைய பட்டறையிலேயே, மயிலாத்தாள் என்கிற பெண்ணின் வலது கையில் இரண்டு விரல்கள் தகடு அழுத்துகிற பிரஸ்ஸுக்குள் போய்விட்டன.

மூன்று நாள் தூங்காமல் வேலை செய்த கை அது. சாமி கோபித்தது என்று ஊர் சொன்னது. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. களைத்தவர்களை ஒரு நாள் உட்கார வைப்பதற்குத்தான் இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கிற பழக்கத்தையே யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எந்தக் காரணமாக இருந்தாலும், அந்த நாளை எடுத்துக்கொண்டது நாங்கள்தான்.

விட்டுப்போன பூஜையைச் செய்துவிட வேண்டும் என்று முடிவானது. ஐப்பசி முழுக்க மழை. கார்த்திகையில் நாள் ஒத்துவரவில்லை. மார்கழி கழியட்டும் என்று காத்திருந்தார்கள். இயந்திரங்களை நிறுத்த எங்களிடம் அறுபது நாள் முன்னதாக விண்ணப்பம் போட வேண்டும். அதில் காரணம் எழுதும் இடத்தில் பழுது, மின்தடை, அரசு விடுமுறை என்ற மூன்றுதான் உண்டு. விட்ட பூஜையைத் திரும்பச் செய்ய என்று எழுத இடமே இல்லை. ஆகவே மின்தடை என்று சொல்லிவிடலாம் என்றது தேவசகாயத்தின் யோசனை.

"நீங்களுமா செஞ்சீங்க?" என்று அவரைக் கேட்டேன். அவர் பட்டறையில் மாதா படம் இருந்ததைப் பார்த்திருந்தேன்.

"வேலை பாக்கறவங்க செய்யறதுங்க. பொரி எல்லாருக்கும் உண்டுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பதினோராயிரம் லேத்துகள், தொண்ணூற்று மூன்று சதவீதம், உலகமே நடுங்குகிறது, கடைசியில் பொரியும் பூசணிக்காயும். அவர்கள் இருவரும் நான் சிரிப்பதைத் திகிலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறைக்கு வந்து முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதி, சந்தனத்தின் படத்தையும் இணைத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் முன்னறி இரண்டையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் சதவீதம் எண்பதுக்குக் கீழே வரவில்லை. மூன்றாவது கேள்வி பாக்கி.

அந்த வெள்ளிக்கிழமை ஊரில் எல்லா லேத்துகளும் நின்றிருந்தபோது, ஒன்றே ஒன்று மட்டும் ஓடியிருக்கிறது. முற்பகல் பதினொன்று நாற்பதில் தொடங்கி, மொத்தம் மூன்று மணி இருபது நிமிட நேரம். சில்லு இல்லாத, ஒப்பந்தத்துக்கு முந்தைய பழைய லேத். பதினாலு சின்னஞ்சிறு பாகங்கள் வெட்டியிருக்கிறது. நெம்புகோல்கள், அச்சாணிகள், அழுத்தமான ஒரு சுருள்வில்லுக்கான கூடு. பதிவில் இல்லாத வரைபடம். துப்பாக்கியின் விசைப் பொறியோடு ஒப்புமை தொண்ணூற்றொரு சதவீதம். இடம், நாச்சிமுத்துவின் பட்டறை.

எனக்குப் பிடித்துப்போன அதே நாச்சிமுத்து.

ஊரே நின்றிருக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் ரகசியமாக மாதிரி செய்து பார்ப்பது பழைய வழக்கம். சரித்திரத்தில் அப்படிச் செய்த அரசாங்கங்கள் உண்டு, தோட்டக் கருவி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே செய்தவை. ஊர்ப் பெரியவர் ஒருவர் பூஜை என்ற பெயரில் பதினோராயிரம் லேத்துகளை நிறுத்திவைத்துவிட்டு, அந்த மறைவில் தன் வேலையைப் பார்த்திருந்தால்? முன்னறியின் சந்தேகத்தில் ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தின் கூடத்தில் நிர்வாகிகள் முப்பது பேரைக் கூட்டினேன். பூஜை விஷயம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று சொன்னதும் கூடமே மூச்சுவிட்டது. யாரோ டீ கொண்டுவரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை.

"ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அன்னைக்கு எந்த லேத்தாவது ஓடுச்சா?"

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "ஒண்ணுகூட ஓடலீங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"நாந்தானுங்க எல்லாரையும் நிறுத்தச் சொன்னது. என்ற பட்டறையில ஓடுமுங்களா?"

பொய். இப்போது அவர் நன்றாகவே பொய் சொன்னார், முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை. அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தேன். விதிப்படி இதற்கு மேல் நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. விசாரித்தேன், பொய் சொன்னார், பதில் தெரியவில்லை என்று எழுத வேண்டும். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மோட்டார்கள் நிற்கும். லேத்து மட்டும் இல்லை. கிணற்று மோட்டார், மாவரைக்கிற மோட்டார், எல்லாம். நதிக்கரைக் கிழவரின் பிடி என் மணிக்கட்டில் இன்னும் இருந்தது.

எங்கள் உள்ளூர் அலுவலகத்தில், செவி கேட்ட வடிவங்களைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டுத் தருகிற கருவி உண்டு. அதிகாரியின் கண்ணுக்கு மட்டும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். பதினாலு பாகங்களையும் அச்சிட்டு, ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் நான்கு மணிக்குத் தனியாக நாச்சிமுத்துவின் பட்டறைக்குப் போனேன். வேலை போனால் போகட்டும். இருபது வருடமாக விதியைக் காப்பாற்றி எனக்குக் கிடைத்தது ஒரு காலி ஊரும் ஒரு பாராட்டுக் கடிதமும்.

ஞாயிறு என்பதால் பட்டறையில் அவர் மட்டும் இருந்தார். டீயும் தட்டும் மேசையில் இருந்தன. தட்டில் பாகங்களைக் கொட்டினேன்.

"உங்க லேத்து வெட்டினது இது. எங்க மெஷின் இதைத் துப்பாக்கி விசைன்னு சொல்லுது. நாளைக்கு ஒன்பது மணிக்குள்ள இது என்னன்னு நான் எழுதலைன்னா இந்த ஊரைப் பூட்டிடுவாங்க. இதை உங்ககிட்ட காட்டினதுக்கு என் வேலை போகும். இப்பவாவது சொல்லுங்க."

அவர் ஒரு பாகத்தை எடுத்தார். விரல் நுனியில் வைத்து உருட்டினார்.

"இதுக்காகவாங்க பூட்டுவாங்க? ஊரையா?"

"ஊரைத்தான்."

"ஏனுங்க, இதைக் காத்தாலயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்க."

"காலையில கேட்டேன். ஓடலைன்னு சொன்னீங்க."

அவர் போனை எடுத்தார். "கண்ணு, சித்த பட்டறைக்கு வா. வண்டியிலயே வா" என்று மட்டும் சொன்னார்.

பத்து நிமிடம். என் வாழ்க்கையில் நீளமான பத்து நிமிடம் அது. வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முப்பத்தைந்து வயது இருக்கும், குட்டையான பெண், ஹெல்மெட்டைக் கழற்றியபடி உள்ளே வந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"மயிலாத்தாளுங்க" என்றார் நாச்சிமுத்து. "காட்டு கண்ணு. இவங்க நம்ம மனுசி."

அவள் கையை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சுட்டுவிரலும் நடுவிரலும் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எஃகு விரல்கள். ஒவ்வொரு கணுவிலும் ஒரு நெம்புகோல், ஓர் அச்சாணி. மணிக்கட்டை மடக்கினாள், விரல்கள் மடங்கின. தட்டில் கிடந்த ஒவ்வொரு பாகமும் அவள் கையில் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், இரண்டு தடவை. பதினாலு.

நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் அன்னைக்குச் செஞ்சீங்க? வேற நாளே கெடைக்கலையா?" என்று கேட்டேன்.

"இதை அளவெடுத்து வெட்ட முடியாதுங்க அம்மிணி. காதுல கேட்டு வெட்டற வேலை. உளி கொஞ்சம் கூடுதலாக் கடிச்சா சத்தம் மாறுமுங்க, அப்பவே நிறுத்தோணும். சுத்தீலும் பதினோராயிரம் லேத்து ஓடறப்ப எங்கீங்க கேக்கறது? அன்னைக்கு ஒரு நாளுதான் ஊரு அமைதியா இருந்துச்சு."

எங்கள் செவிகளுக்கும் அந்த ஒரு நாள்தான் அந்தப் பழைய லேத்தின் சத்தம் கேட்டிருக்கிறது. அவரும் முன்னறியும் ஒரே அமைதிக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

"எல்லார் முன்னாலயும் எப்படீங்க சொல்லுவேன்?" என்றார் அவர். "நிறுத்தோணும்னு ஊரையே நிறுத்தினவன் நானு. பூசை அன்னைக்கு, பொட்டு வெச்ச லேத்தை நானே ஓட்டிப்போட்டேன். சாமிகிட்டச் சொல்லீட்டுத்தானுங்க ஓட்டினேன். சங்கத்துல சொல்ல வாய் வரலை. அந்தக் கையெழுத்துப் போட்டதும் நாந்தானுங்களே."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மயிலாத்தாள் அவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். இது அவள் பலமுறை கேட்ட பேச்சு என்று தெரிந்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "அந்த வில்லு எதுக்கு இவ்வளவு அழுத்தமா? சாதாரணமா ஒரு பொருளைப் பிடிக்க இவ்வளவு இழுவை வேண்டாமே. அதனாலதான் எங்க மெஷின் விசைன்னு நினைச்சிருக்கு."

மயிலாத்தாள் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"ஸ்கூட்டர் பிரேக்குங்க மேடம். வலது கையிலதானுங்க முன் பிரேக்கு. ரெண்டு வெரலு இல்லாம அதை இழுக்க முடியலீங்க. நாலு மாசமா ஊட்டுக்காரருகூட வந்து எறங்கினேனுங்க, அவருக்கு ஷிப்டு ஒத்து வரலீங்க. ஆஸ்பத்திரியில வேற வெரலு குடுத்தாங்க, அது அழகா இருக்கும், பிரேக்குப் புடிக்காது."

அன்று சாயங்காலமே படிவத்தை நிரப்பினேன். மூன்றாவது கேள்விக்கான கட்டத்தில், விரல் என்று எழுதினேன். முன்னறி உடனே திருப்பிக் கேட்டது: இந்தப் பொருள் எதை இழுப்பதற்காக? பிரேக், என்று எழுதினேன். எதை நிறுத்த? ஸ்கூட்டரை. இருநூற்றைம்பது வருட வரலாற்றில் தேடுவதற்கு அது ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. அப்புறம் சதவீதம் மூன்றுக்கு இறங்கியது. ஏன் சுழியத்துக்கு வரவில்லை என்று கேட்காதீர்கள். கரண்டு இல்லீங்க என்ற பொய்யை அது இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பிளாஸ்டிக் பாகங்களைக் காட்டிய விஷயத்தையும் நானே எழுதினேன். விசாரணை உண்டு என்று பதில் வந்தது. வரட்டும். ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மாத்திரை போடாமல் தூங்கினேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு மேலும் லேத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை நின்று கேட்டுவிட்டுத்தான் ரயிலுக்குக் கிளம்பினேன். வாசலில் மயிலாத்தாள் ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். ஸ்டேஷன்வரை தானே கொண்டுவிடுவதாகச் சொன்னாள். மொதலாளி சொல்லி அனுப்பினாராம். நாச்சிமுத்து அந்த நேரத்தில் சங்கத்தின் கூடத்தில் முப்பது பேர் முன்னால் நின்றுகொண்டு, பூஜை அன்று லேத்து ஓட்டியதை ஒப்புக்கொண்டிருந்தார். யாரும் கோபிக்கவில்லையாம். பாதிப் பேருக்கு முதலிலேயே தெரியுமாம்.

பின்னால் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். முன்னறியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்திருந்தது. தை இரண்டாம் வெள்ளி கோயம்புத்தூரின் வருடாந்திர நிறுத்த நாளாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது, இனி அந்த நாளில் இயந்திரங்கள் நிற்காவிட்டால் எச்சரிக்கை எழும் என்றது. அவள் காதருகே கத்திச் சொன்னேன். வருடத்துக்கு இரண்டு பூஜை, இரண்டு விடுமுறை. அந்த நாளைப் பிடுங்கிய அலுவலகமே வட்டியோடு திருப்பித் தந்திருக்கிறது.

"அப்ப ரெண்டு தடவை பொரிங்களா?" என்று சிரித்தாள்.

சிரித்த அந்த நொடியில், பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வேன் குறுக்கே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எஃகு விரல்கள் மடங்குகிற சின்னச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது வேனின் ஜன்னல் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. உள்ளே பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கையாட்டின.

வண்டி நின்றிருந்தது.